சும்மா இருங்கள், அப்பா!

வயதானவர்களுக்கு யோசனை சொல்வதைப் போலச் சுலபமான காரியம் இந்த உலகத்தில் வேறு இல்லை. பணச் செலவு கிடையாது. நேரச் செலவு கிடையாது. சொல்லுகிறவர் தாம் சொன்னதைச் செய்து காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. உப்பைக் குறைக்கவும், வெந்தயத்தை ஊற வைக்கவும், தினம் அரை மணி நடக்கவும், இரவில் சீக்கிரம் படுக்கவும், எதற்கும் கவலைப்படாமல் இருக்கவும் என்று, கடல் கடந்த ஊரில் உத்தியோகம் பார்க்கும் மகனிடமிருந்து தகப்பனாரின் செல்போனுக்குக் காலை வேளையில் ஒரு பட்டியல் வந்து விழுகிறது. தகப்பனார் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அதைப் படிக்கிறார். படித்துவிட்டு அடுத்த வீட்டுத் தகப்பனாருக்கு அனுப்பி வைக்கிறார். அவருக்கு அதே பட்டியல் நேற்றே வந்து சேர்ந்துவிட்டது.

அண்மைக் காலமாக இந்தப் பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. "செல்லப் பிராணி ஒன்று வளர்க்கவும். ரத்தக் கொதிப்பு குறையும். தனிமை தீரும்." வெந்தயத்துக்குக் கீழே, நடைப் பயிற்சிக்குப் பக்கத்தில், நாயும் ஒரு சரக்காக வந்து உட்கார்ந்துவிட்டது. காலையில் அரை நாய், இரவில் அரை நாய், சாப்பாட்டுக்குப் பின்!

என்னுடைய சண்டை இந்த வரியோடுதான். அதில் உண்மை இல்லை என்பதற்காக அல்ல. உண்மை நிறைய இருக்கிறது. அந்த உண்மையை நாம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உப்புக்காகவோ சோம்பலுக்காகவோ வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளாக உப்பை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது, சரி. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைத்து நடக்க வேண்டும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கீழே விழாமல் இருப்பதற்காகக் கால்களுக்குப் பலமும் நிதானமும் தரும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்று 2020ல் அதே ஸ்தாபனம் சொன்னது, அதுவும் சரி. மாத்திரையை நேரத்தில் சாப்பிட வேண்டும், கண்ணை ஆண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டும், குளியலறையில் வழுக்காத தரை வேண்டும். யார் மறுப்பார்கள்?

ஆனால் இந்த யோசனைகள் எல்லாமே ஒரு விஷயத்தை முன்கூட்டி எடுத்துக்கொண்டுவிடுகின்றன. கேட்கிற கிழவருக்கு நாளைக் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிடுகின்றன. எழுந்து என்ன செய்வார் என்பதைப் பற்றிப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. நடக்கச் சொல்லுகிறீர்கள், எங்கே நடப்பார்? பூங்காவை ஏழு முறை சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதற்குத்தான் அந்த நடை என்றால், எட்டாம் நாள் அவருக்கு முழங்கால் வலிக்கத்தான் செய்யும்.

நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் நடப்பதை ஒரு கதாசிரியன் என்ற முறையில் கொஞ்சம் உன்னிப்பாகக் கவனித்திருக்கிறேன். ஒரு மனிதர் 58ஆம் வயதிலோ 60ஆம் வயதிலோ ஆபீஸிலிருந்து ஓய்வு பெறுகிறார். மாலை போடுகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், நாலு பேர் பேசுகிறார்கள். அது முதல் ஓய்வு. இரண்டாவது ஓய்வு ஒன்று இருக்கிறது; அதற்கு மாலையும் இல்லை, பேச்சும் இல்லை. அது வீட்டுக்குள்ளே, தவணை முறையில் நடக்கிறது.

"எதுக்குப்பா நீங்க கரண்ட் பில் கட்ட வரிசையில நிக்கணும்? நான் போன்லயே கட்டிடறேன்."

"மாமா, வெயில்ல கடைக்கு ஏன் போறீங்க? பையன் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போயிடுவான்."

"அத்தை, அடுப்புப் பக்கம் வராதீங்க. கை நடுங்குது பாருங்க. நான் பார்த்துக்கறேன்."

"தாத்தா, பாங்குக்கு எதுக்கு? எல்லாம் இதுலயே வந்துடும்."

இதில் ஒவ்வொன்றும் அன்பினால் சொன்ன வார்த்தைதான். ஒருவர் மேலும் குற்றம் சுமத்த முடியாது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பால் கார்டு போயிற்று, மளிகைச் சிட்டை போயிற்று, பாங்கு போயிற்று, இரவில் வாசல் கதவைப் பூட்டி இழுத்துப் பார்க்கும் உரிமைகூடப் போயிற்று. மிச்சம் இருப்பது ஒரு நாற்காலி, ஒரு டெலிவிஷன், ஒரு மாத்திரை டப்பா. "சும்மா இருங்கள், அப்பா!" என்கிறோம். சும்மா இருத்தலை ஞானிகள் பெரும் பேறாகப் பேசியிருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். அவர்கள் அதைத் தாமாகத் தேடிப் போனவர்கள். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரோ யாரும் கேட்காமலே ஞானியாக்கப்பட்டவர்.

இப்படி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, அவர் முகம் வாடியிருக்கிறதே என்று நமக்குக் கவலை வருகிறது. அந்தக் கவலைக்குப் பரிகாரமாகத்தான் பட்டியல் அனுப்புகிறோம். அதன் கடைசி வரியில் நாயையும் சேர்க்கிறோம்.

நாயினால் உண்மையிலேயே என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறேன். நியூயார்க் மாநிலத்தின் உட்புறத்தில் நியூ பெர்லின் என்ற சின்ன ஊர். அங்கே சேஸ் மெமோரியல் என்று ஒரு முதியோர் மருத்துவ இல்லம். சுமார் எண்பது பேர். பெரும்பாலோர் ஞாபகம் தப்பியவர்கள் அல்லது நடமாட முடியாதவர்கள். 1991ல் பில் தாமஸ் என்ற இளம் டாக்டர் அதன் வைத்தியப் பொறுப்புக்கு வந்தார். மருந்தில் குறை ஒன்றும் இல்லை, சுத்தத்தில் குறை இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் உயிரோடு இருந்துகொண்டே அணைந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று நோய்கள் என்று அவர் நிதானித்தார்: சலிப்பு, தனிமை, கையாலாகாமை. மூன்றுக்கும் மருந்துக் கடையில் சரக்கு இல்லை.

அந்த மாநிலத்துச் சட்டப்படி ஓர் இல்லத்தில் ஒரு நாயோ ஒரு பூனையோதான் வைத்துக்கொள்ளலாம். தாமஸ் இரண்டு நாய், நாலு பூனை, நூறு பறவை வேண்டும் என்று கேட்டார்! அதிகாரிகள் திகைத்தார்கள், கடைசியில் விலக்கு அளித்தார்கள். கிளி இனத்தைச் சேர்ந்த சின்னஞ் சிறு பறவைகள் நூறும் வந்து இறங்கின நாளில் கூண்டுகள் வந்து சேரவில்லை. கொண்டு வந்த ஆள் அவற்றை அங்கிருந்த முடி திருத்தும் அறையில் பறக்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். கூண்டுகள் அன்றே பிற்பாடு வந்தன. இல்லத்து முதியவர்கள் சன்னலோரம் கூடி அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று, இந்தச் சம்பவத்தை 'பீயிங் மார்ட்டல்' என்ற தமது 2014ஆம் ஆண்டுப் புத்தகத்தில் விவரிக்கும் டாக்டர் அதுல் கவாண்டே எழுதுகிறார்.

சண்டையும் வந்தது. நாய் நடைபாதையை அசுத்தப்படுத்தினால் யார் துடைப்பது என்று சிப்பந்திகளுக்குள் தகராறு. நாங்கள் நர்ஸுகளா, மிருகக்காட்சிசாலைக் காவலர்களா என்ற மனத்தாங்கல். நம் ஊர் ஆபீஸாக இருந்தால் அத்தோடு ஒரு கமிட்டி போட்டு விவகாரத்தை முடித்திருப்பார்கள். அங்கே எப்படியோ தொடர்ந்து நடத்தினார்கள். பறவைகள் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தம்முடையதாக எடுத்துப் பெயர் வைத்தார்கள். பேச்சே இல்லை என்று எழுதி வைத்திருந்த சிலர் பேசினார்கள். அறையை விட்டு வெளியே வராத சிலர் நர்ஸுகளிடம் வந்து, நாயை நான் வெளியே கூட்டிப்போகிறேன் என்றார்கள்.

இரண்டு வருஷம் அந்த இல்லத்தையும் பக்கத்திலிருந்த இன்னோர் இல்லத்தையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். தலைக்கு எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டுகள் மற்ற இல்லத்தில் இருந்ததில் பாதியாயின. மருந்துச் செலவு அங்கே ஆனதில் 38 சதவிகிதம்தான். சாவு எண்ணிக்கை 15 சதவிகிதம் குறைந்தது.

பார்த்தீர்களா, நாய் நல்ல மருந்துதான் என்று நமது பட்டியல்காரர் குதித்தெழுவார். அவரை உட்காரச் சொல்லுங்கள். அந்த இல்லத்தில் நாயும் பறவையும் மட்டும் வரவில்லை. தோட்டம் போட்டார்கள், கோழி, முயல் வளர்த்தார்கள், சிப்பந்திகளின் குழந்தைகள் பள்ளி விட்டதும் அங்கேயே வந்து விளையாட ஏற்பாடு செய்தார்கள். ஆகவே குணம் ரோமத்தில் இருந்ததா, இறகில் இருந்ததா, வெண்டைச் செடியில் இருந்ததா என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. எல்லாம் மனிதரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வைக்க மறந்தால் பறவை வாடும். கூட்டிப்போகாவிட்டால் நாய் கதவைப் பிறாண்டும். பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கிழவர்களை நம்பி ஓர் உயிர் இருந்தது.

ரோமமும் வாலும் இல்லாமலே இது நடக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் செய்த சோதனை, 1976ல் பிரசுரமாயிற்று. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு செடியைத் தாமே பொறுக்கி எடுத்துத் தாமே வளர்க்கச் சொன்னார்கள். உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானியுங்கள் என்றார்கள். வேறொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ் பார்த்துக்கொள்வாள், உங்கள் சௌகரியங்களை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம், கவலை வேண்டாம் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் சந்தோஷமும் கூடியிருந்தன. சோதனை சின்னது, அதன் மேல் கோட்டை கட்ட நான் வரவில்லை. ஆனால் இரண்டாவது மாடியில் சொன்ன வார்த்தைகளை மறுபடியும் படித்துப் பாருங்கள். நம் வீட்டில் தினம் ஒலிக்கும் வார்த்தைகளேதான் அவை!

விஞ்ஞானம் நாயை மருந்தென்று ஒப்புக்கொண்டுவிட்டதா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிடலாம். 1980ல் எரிகா ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நெஞ்சு நோயால் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியேறிய 92 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் பிராணி வைத்திருந்த 53 பேரில் அந்த வருஷத்துக்குள் இறந்தவர் 3 பேர். பிராணி இல்லாத 39 பேரில் இறந்தவர் 11 பேர். உலகமெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இதே தாளத்தில் பாடவில்லை. சில ஆமென்றன, சில இல்லையென்றன. 2013ல் அமெரிக்க இருதய சங்கம் எல்லாவற்றையும் அலசிப் பார்த்து, பிராணி வளர்ப்பது, முக்கியமாக நாய் வளர்ப்பது, இருதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ஓர் எச்சரிக்கையும் விடுத்தது. இருதய நோயைக் குறைப்பதையே முதல் நோக்கமாக வைத்துக்கொண்டு யாரும் பிராணியை வாங்கவோ எடுத்து வளர்க்கவோ கூடாது என்றது.

எவ்வளவு கண்ணியமான வாக்கியம்! டாக்டர்களே இப்படிச் சொல்லும்போது நமது பட்டியல்காரருக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

இது புதிய ஞானமும் அல்ல. 1796ல் இங்கிலாந்தில் யார்க் நகருக்கு அருகே வில்லியம் டியூக் என்ற பெரியவர், சித்தம் கலங்கியவர்களைச் சங்கிலியில் கட்டாமல் மனிதர்களாக நடத்த ஒரு விடுதி திறந்தார். அதன் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வைத்திருந்தார்கள். கலங்கிய மனத்துக்குத் தன்னைவிடப் பலவீனமான ஒரு ஜீவனிடம் பரிவு காட்ட வாய்ப்பு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1860ஐ ஒட்டி நர்ஸ் தொழிலைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், நெடுநாள் நோயாளிக்குச் சிறு பிராணி நல்ல துணை என்று சொன்னார். அதோடு நிற்கவில்லை. அதற்குத் தீனி போடுவதையும் அதைச் சுத்தம் செய்வதையும் நோயாளியே செய்ய முடியுமானால் செய்யவிட வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். அந்த அம்மையார் தாமே ஓர் ஆந்தையை வளர்த்தவர். முதல் பாதியை நாம் பிடித்துக்கொண்டோம்; இரண்டாவது பாதியை விட்டுவிட்டோம்.

நம் பாட்டிமார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொல்லையில் மாடு இருந்தது. விடியற்காலம் நாலு மணிக்கு அது குரல் கொடுக்கும். பாட்டிக்கு முதல் நாள் ஜுரம் என்பதோ, மருமகளோடு மனஸ்தாபம் என்பதோ மாட்டுக்குத் தெரியாது. எழுந்துதான் ஆக வேண்டும். வாசலில் அரிசி மாவினால் போட்ட கோலத்துக்கு எறும்பு வரும். சமைத்த சோற்றில் முதல் பிடிக்குக் காக்கை கூரையில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும். இதற்கெல்லாம் சிகிச்சை என்று பெயரிட்டிருந்தால் பாட்டி சிரித்திருப்பாள். அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சாணத்தை வாரியவர்கள் பெண்கள். அந்தக் குளிரில் எழுந்தவர்கள் பெண்கள். அவர்களை ஓய்வெடுக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. உழைப்பு அவர்களைத் தேய்த்தது. ஆனால் "நான் எதற்காக இருக்கிறேன்?" என்ற கேள்வி அவர்களைத் தின்னவில்லை. தேய்க்கும் உழைப்புக்கும் தின்னும் வெறுமைக்கும் நடுவே ஒரு பாதை இல்லவே இல்லையா? நாம் ஏன் ஒன்றிலிருந்து தப்பி மற்றதில் விழ வேண்டும்?

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஒரு பக்கம் பிராணி வளர்த்தால் நல்லது என்ற பட்டியல். இன்னொரு பக்கம் அடுக்கு மாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகை: நாய்க்கு லிப்டில் இடமில்லை, நாய் வைத்திருப்பவருக்கு வீடு வாடகைக்கு இல்லை. குடியிருப்புச் சங்கங்கள் இப்படித் தடை விதிக்கக்கூடாது, பெரும்பான்மை ஓட்டு எடுத்தும்கூட விதிக்கக்கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியை இழந்த எழுபத்தைந்து வயது மனிதர் சங்கத்துச் செயலாளரோடு மல்லுக்கட்டுவாரா? நாயை ஊரிலிருக்கும் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்து, மாலையில் அதே சங்கம் நடத்தும் 'முதியோர் ஆரோக்கியச் சொற்பொழி'வில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார். அங்கே பேசுகிறவர் செல்லப் பிராணியின் மகிமையை விளக்குவார்!

முதியோர் இல்லங்களில் இன்னொரு வேடிக்கை தொடங்கியிருக்கிறது. பழக்கிய நாய் ஒன்றை வண்டியில் கொண்டுவருகிறார்கள். ஒரு மணி நேரம் ஆளுக்கு ஐந்து நிமிஷமாகத் தடவிக் கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், நாய் போய்விடுகிறது. அந்த ஒரு மணி நேரம் பொய் என்று சொல்ல மாட்டேன். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு அந்த ஐந்து நிமிஷம் பெரிய காரியமாக இருக்கலாம். அதை அன்போடு செய்கிறவர்களுக்கு நமஸ்காரம். ஆனால் அதே இல்லத்தில், கை கால் நன்றாக இருக்கும் கிழவி ஒருத்தி வாசலில் வரும் பூனைக்குத் தன் பங்குப் பாலில் கொஞ்சம் ஊற்றினால், "இங்கே அதெல்லாம் கூடாது" என்று அதட்டுகிறார்களே, அது எந்த நியாயம்? வாடகை நாய்க்கு வரவேற்பு. வாசல் பூனைக்குத் தடை!

ஜப்பானில் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். கடல்நாய்க் குட்டி (சீல்) போல வெள்ளை ரோமம் போர்த்த ஒரு யந்திரம், பெயர் 'பாரோ'. தகானோரி ஷிபாதா என்ற விஞ்ஞானி 1993 முதல் உழைத்து உருவாக்கியது. தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். குழந்தையின் வாய்ச் சூப்பான் வடிவத்தில் செய்த ஒரு கருவியை வாயில் வைத்தால் மின்சாரம் ஏறிக்கொள்ளும். ஞாபகம் முழுதும் தப்பியவர்கள், கடி, கீறல், தொற்று என்ற பயத்தால் உயிருள்ள பிராணியைப் பக்கத்தில் விட முடியாதவர்கள் - இவர்களுக்கு அது ஆறுதல் தருகிறது என்றால் இருக்கட்டும். நோயாளியின் ஆறுதலைப் பரிகசிக்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. ஆனால் அறிவும் நினைவும் தெளிவாக இருக்கிற மனிதருக்கு அதைக் கொடுத்தால், கொடுத்தவரைத்தான் பரிசோதிக்க வேண்டும். அந்த யந்திரத்துக்குப் பசிக்காது. அவர் போய்விட்டால் அது தேடாது. அவரிடமிருந்து ஒன்றும் வேண்டாத ஒரு பிள்ளையை அவருக்கு நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோமே, இரண்டாவது எதற்கு?

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். நாய் காலில் சிக்கிக் கிழவர்கள் விழுகிறார்கள், கற்பனை அல்ல. அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரை எடுத்த கணக்கின்படி, நாயாலும் பூனையாலும் விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வருஷத்துக்குச் சுமார் 86,000 பேர். எலும்பு முறிவு அதிகம் கண்டது 75 வயதுக்கு மேற்பட்டவர்களிடம். நம் நாட்டில் வெறிநாய்க்கடி என்ற பயங்கரம் வேறு. ஆகவே வளர்ப்பதானால் முறையாக வளர்க்க வேண்டும். துள்ளித் திரியும் குட்டியைவிட, நிதானப்பட்ட வளர்ந்த நாட்டு நாய் மேல். சென்னையில் 1959 முதல் இயங்கும் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வீட்டுக்காகக் காத்திருக்கும் நாய்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் தடுப்பூசி தவறக்கூடாது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக்கூடாது; இழுத்தால் மனிதர்தான் விழுவார். இரவில் நடக்கும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும். கடியோ கீறலோ பட்டால், எந்த நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் உதவாது. பச்சைக்கிளியைக் கூண்டில் வைக்க ஆசைப்பட வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளை அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. "அவர் காலத்துக்குப் பிறகு நாயை யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி. கேட்கிறவர் யாரோ அவரே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. தகப்பனாருக்கு நாய் வளர்க்கும்படி யோசனை எழுதும் பிள்ளை, அவருக்குப் பின் அந்த நாய் தன் பொறுப்பு என்று அதன் கீழே கையெழுத்துப் போடட்டும். போட முடியாவிட்டால் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்ளட்டும். நாயும் ஓர் உயிர். அப்பாவின் ரத்தக் கொதிப்பைக் குறைத்துவிட்டுத் தெருவில் நிற்பதற்காக அது பிறக்கவில்லை.

நாய் என்றாலே ஒதுங்குகிறவர்கள் உண்டு; பூனை ஆகாதவர்கள் உண்டு. அவர்கள் தலையில் பிராணியைக் கட்டுவது இன்னொரு கொடுமை. முதலில் அவரைக் கேளுங்கள். அவருக்கு வேண்டியது மாடியில் நாலு தொட்டி மல்லிகையாக இருக்கலாம். குருவிக்கு வைக்கும் ஒரு சட்டித் தண்ணீராக இருக்கலாம். எதிர் வீட்டுப் பையனுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் கணக்குப் பாடமாக இருக்கலாம். எதுவானாலும் அது உண்மையான பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் காரியம் கெட வேண்டும். பின்னாலேயே போய் நாம் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றினால் அது பொறுப்பு அல்ல. குழந்தைக்குக் கொடுக்கும் சொப்பு.

இதைப் படிக்கிற மகன்மார்களே, மகள்மார்களே! இன்று சாயங்காலம் ஊருக்குப் போன் செய்யும்போது, "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள், தவறில்லை. ஆனால் அத்தோடு வைத்துவிடாதீர்கள். நீங்கள் சௌகரியத்துக்காகப் பறித்துக்கொண்ட காரியங்களில் ஒன்றையாவது திருப்பிக் கொடுங்கள். "அப்பா, இந்த வருஷம் வீட்டு வரியை நீங்களே கட்டிடுங்க." "அம்மா, ஊறுகாய் நீங்கதான் போடணும், எனக்கு வேணும்." அவர் தப்பாகக் கட்டலாம். அவள் உப்பு அதிகமாகப் போடலாம். சகித்துக்கொள்ளுங்கள், நீங்கள் நடக்கக் கற்றுக்கொண்டபோது அவர்கள் எத்தனையோ சகித்தார்கள்.

அதற்கும் மேலே, அவர்களுக்கே ஆசை இருந்து, நாயோ பூனையோ வீட்டுக்கு வந்தால் வரட்டும். விடியற்காலையில் அது வந்து போர்வையை இழுக்கும். அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து செருப்பைத் தேடுவார். அந்த நடைக்கு எந்தப் பட்டியலும் தேவையிராது.